கெர்னல் பேட்ச்: பக் வேறு, க்ளீனப் வேறு

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு முதல் பேட்ச் (கோடில் செய்த மாற்றத்தின் தொகுப்பு) அனுப்புகிறவர்கள், தஞ்சாவூரில் படித்தாலும் சரி, மன்னார்குடியில் வீட்டிலிருந்து செய்தாலும் சரி, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஹார்ட்வேரை இயக்கும் கோடான ஒரு டிரைவரைத் திறந்து இன்டென்ட் சரிசெய்வார்கள், வேரியபிள் பெயரை மாற்றுவார்கள், போகிற போக்கில் ஒரு மெமரி லீக்கையும் அடைப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே பேட்சாகக் கட்டி அனுப்புவார்கள். அது திரும்பி வரும். க்ளீனப் என்றால் கோடின் நடத்தை துளியும் மாறக்கூடாது. பக் திருத்தம் என்றால் மாறியே ஆக வேண்டும். ஏன் மாறுகிறது என்று எழுதியும் ஆக வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் எந்த வரியை உற்றுப் பார்ப்பது என்று அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னருக்குத் தெரியாது. திருத்தத்தை மட்டும் பிரித்து பழைய கெர்னலுக்கு எடுத்துப்போகவும் முடியாது.

மெஷினும் சோர்ஸும்

8 ஜிபி ராம், 40 ஜிபி காலி இடம் உள்ள லேப்டாப் போதும். நம் பக்கம் முதல் தடையே குளோன்தான், அதாவது கிட் கருவியால் சோர்ஸை அதன் வரலாற்றோடு இறக்குவது. கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. ஐப்பசி மழையில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி சில ஜிபி இழுப்பது வீண் வேலை. கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் குளோன் பண்டில் என்று ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அதை டவுன்லோட் கருவியான டபிள்யூகெட்டில் மைனஸ் சி போட்டு இறக்கினால் எத்தனை முறை அறுந்தாலும் தொடரும். இறங்கியதும் பண்டிலிலிருந்தே குளோன் செய்து, ரிமோட் முகவரியை மாற்றி, புதியவற்றை இழுக்க ஒரு ஃபெட்ச் அடித்தால் போதும். டேட்டா மிச்சம் என்று டெப்த் 1 போட்டுக் கடைசி நிலையை மட்டும் எடுக்காதீர்கள். வரலாறு இல்லாமல் பிளேமும் (ஒரு வரியை மாற்றிய கமிட்டை, அதாவது பதிவான மாற்றத்தை, காட்டுவது) பைசெக்டும் (கோளாறு நுழைந்த கமிட்டைத் தேடுவது) உதவாது.

பில்டை எப்போதும் தனி டைரக்டரியில் வையுங்கள், மேக் கட்டளையில் ஓ= கொடுத்தால் ஆயிற்று. காரணம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாளில் பேட்டரி தீர்ந்து மெஷின் பொட்டென்று அணைந்தால், எழுதி முடிக்காத ஆப்ஜெக்ட் கோப்புகள் பூஜ்ய பைட்டில் நின்றுவிடும். பிறகு லிங்க் கட்டத்தில் சம்பந்தமே இல்லாத எரர் வரும். தனி டைரக்டரி என்றால் யோசிக்காமல் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யலாம். கிட் கருவியே ‘ஆப்ஜெக்ட் கோப்பு காலி’ என்று புலம்பினால், கிட் ஆப்ஜெக்ட்ஸ் டைரக்டரியில் பூஜ்ய அளவுள்ளவற்றை மட்டும் நீக்கி, ஃபெட்ச் செய்து, எல்லாம் சரியா என்று சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் போட்ட உங்கள் சொந்த கமிட் மட்டும் ஃபெட்சில் திரும்ப வராது.

கான்ஃபிகரேஷனுக்கு லோக்கல்மாட்கான்ஃபிக் நல்லது. அப்போது லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை மட்டும் எடுத்துக்கொள்வதால் பில்ட் நேரம் வெகுவாகக் குறையும். சோதனையை மெய்நிகர் மெஷினான க்யூஎம்யூவில் செய்யுங்கள். அதை எளிதாக ஓட்டும் விர்ட்மி-என்ஜி இருந்தால் தனி டிஸ்க் இமேஜ்கூட வேண்டாம். சொந்த லேப்டாப்பை அரைகுறை கெர்னலில் பூட் செய்கிற வீரம் இப்போதைக்குத் தேவையில்லை.

ஊப்ஸைப் படிப்பது

கெர்னல் விழுந்தால் வரும் நீண்ட கொட்டலில் (இதுதான் ஊப்ஸ்) முதலில், விழுந்த இடத்தைச் சொல்லும் ஆர்ஐபி வரியைப் பாருங்கள். ‘ஃபூ_ரிமூவ்+0எக்ஸ்2சி/0எக்ஸ்90’ என்று இருந்தால், ஃபூ_ரிமூவ் ஃபங்ஷன் மொத்தம் 144 பைட், அதில் 44ஆவது பைட்டில் விழுந்திருக்கிறது என்று பொருள். டீபக் இன்ஃபோவோடு பில்ட் செய்திருந்தால், ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் உள்ள எஃப்ஏடிடிஆர்2லைன் அதைச் சோர்ஸ் வரி எண்ணாக மாற்றித் தரும். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் முழு ட்ரேஸையும் மாற்ற டிகோட்_ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது.

அடுத்து, எந்த முகவரியைத் தொட்டு விழுந்தது என்று பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிய சின்ன எண், உதாரணமாக 0எக்ஸ்18 என்றால், எங்கும் சுட்டாத நல் பாயின்டர் வழியாக ஸ்ட்ரக்சரின் 24ஆவது பைட்டில் உள்ள உறுப்பைத் தொட்டிருக்கிறது. பாஹோல் கருவி அது எந்த உறுப்பு என்று காட்டும். ரெஜிஸ்டர்களில் 6பி6பி6பி6பி என்று வரிசையாக நின்றால், ஸ்லப் டீபக் பாய்சனிங் போட்ட முத்திரை அது. ஏற்கெனவே ஃப்ரீ செய்த மெமரி.

யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (ஃப்ரீ செய்த மெமரியை மறுபடி தொடுவது) சந்தேகம் வந்தால், மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேஏசான் போட்டு பில்ட் செய்யுங்கள். எதைத் தொடலாம் என்று குறித்துவைக்கும் ஷேடோவுக்கென்று எட்டில் ஒரு பங்கு மெமரி போகும், அதனால் க்யூஎம்யூவுக்கு 2 ஜிபியாவது கொடுங்கள். அதன் ரிப்போர்ட்டில் மூன்று ட்ரேஸ் இருக்கும்: தப்பாகத் தொட்ட இடம், அலொகேட் செய்த இடம், ஃப்ரீ செய்த இடம். புதியவர்கள் முதல் ட்ரேஸில் உள்ள வரிக்கு மேலே ஒரு நல் செக் போட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஃப்ரீ ஆன பாயின்டர் நல் ஆகிவிடாது. அப்படியே நல் ஆக்கினாலும் ரேஸ் (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதுவது) போகாது. கோளாறு பெரும்பாலும் மூன்றாவது ட்ரேஸில்தான் இருக்கும். பிறகு ஓடவேண்டிய டிலேய்ட் வொர்க் இன்னும் காத்திருக்கும்போதே டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் கேஃப்ரீ செய்து மெமரியை விடுவித்திருக்கும். அதற்கு முன் கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க் வரவேண்டும்; பெயரின் கடைசியில் சிங்க் இல்லாத வடிவம் ஓடிக்கொண்டிருக்கும் வொர்க் முடியும்வரை காத்திருக்காது.

முந்தைய வெர்ஷனில் வேலை செய்தது இப்போது செய்யவில்லை என்றால் பைசெக்ட். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கல்லணையிலிருந்து ஒவ்வொரு மதகாகவா பார்த்துக்கொண்டு வருவோம்? நடுவில் ஒரு ரெகுலேட்டரில் போய்ப் பார்த்து, மேலேயா கீழேயா என்று பாதியைத் தள்ளிவிடுவோம். அதேதான் இது. 10,000 கமிட் இருந்தாலும் 14 பில்டில் ஆள் சிக்கிவிடும். பில்டே ஆகாத கமிட்டுக்கு ஸ்கிப் கொடுங்கள். சில சமயம் மட்டும் வரும் பக் என்றால், பலமுறை பூட் செய்து பார்க்காமல் ‘குட்’ சொல்லாதீர்கள். ஒரு தப்பான ‘குட்’ மீதி அத்தனை பில்டையும் வீணாக்கும்.

க்ராஷ் இல்லாமலே பக் தேடுவது

ஹார்ட்வேர் கையில் இல்லாதவர்களுக்குச் சரியான வயல் டிரைவர்களின் எரர் பாதைதான். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, அதனால் பக் ஆண்டுக்கணக்கில் தூங்கும். டிவைஸைத் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷனை மேலிருந்து படித்து, எடுத்த ஒவ்வொன்றையும் காகிதத்தில் குறியுங்கள்: க்ளாக் எனேபிள், ரெகுலேட்டர், டிவைஸ் ட்ரீ நோட் ரெஃபரன்ஸ். ஒவ்வொரு ரிடர்னிலும் கோட்டோவிலும் அதுவரை எடுத்தவை தலைகீழ் வரிசையில் திரும்புகின்றனவா என்று பாருங்கள். ஃபார்_ஈச்_சைல்ட்_ஆஃப்_நோட் லூப்பின் நடுவில் ரிடர்ன் செய்தால், அதைத் திருப்பித் தரும் ஓஎஃப்_நோட்_புட் இல்லாமல் ரெஃபரன்ஸ் தங்கிவிடும்.

இன்னொன்று: டிவைஸின் இன்டரப்ட் எண்ணைத் தரும் பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ தோற்றால் நெகட்டிவ் எண் தரும். அதை அன்சைன்ட் இன்ட்டில் வாங்கி, பூஜ்யத்துக்குக் குறைவா என்று கேட்டால் அந்த இஃப் ஒருநாளும் உண்மையாகாது. கம்பைலர் சாதாரணமாக வாய் திறக்காது; மேக் கட்டளையில் டபிள்யூ=2 போட்டால் சொல்லும். கோடை ஆராயும் ஸ்மாட்ச் கருவியும் பிடிக்கும். திருத்தம் ஒரே சொல், அன்சைன்டை எடுத்துவிடுவது. பக்கத்திலேயே டெவ்_எர் மெசேஜ் இருந்தால் அது உபரி, அந்த ஃபங்ஷனே எரரை அச்சிட்டுவிடுகிறது. ஆனால் அதை நீக்குவது க்ளீனப், இரண்டாவது பேட்ச்.

க்ளீனப் எங்கே, எவ்வளவு

கோடின் நடைப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் சொல்வதையெல்லாம் திருத்த இடம், இன்னும் சீராகாத டிரைவர்கள் இருக்கும் ஸ்டேஜிங் டைரக்டரி. மற்ற இடங்களில் வெறும் ஸ்பேஸ் மாற்றும் பேட்ச்களைப் பல மெயின்டெய்னர்கள் வாங்குவதில்லை; பிளேம் வரலாறு குழம்புகிறது என்பது அவர்கள் வாதம், நியாயமானதும்கூட. ஸ்டேஜிங்கிலும் மெயில் அனுப்பும் முறை பழகும்வரை சில பேட்ச் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு பேட்சில் ஒரே வகை மாற்றம். ஸ்பேஸ் மட்டும் மாற்றியிருந்தால் கிட் டிஃப் மைனஸ் டபிள்யூ காலியாக வரவேண்டும். பெயர் மாற்றம் என்றால் முன்பின் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஸ்கிரிப்ட்ஸில் உள்ள ஆப்ஜ்டிஃப் கொண்டு ஒப்பிடுங்கள்.

செக்பேட்ச் சொல்லும் சில திருத்தங்கள் க்ளீனப் போலத் தெரியும், ஆனால் நடத்தையை மாற்றும். தூங்காமல் காத்திருக்கும் யூடிலேயை, தூங்கிக் காத்திருக்கும் யூஸ்லீப்_ரேஞ்ச் ஆக்கச் சொல்லும்; ஸ்பின்லாக் பிடித்திருக்கும் இடத்தில் தூங்கினால் கெர்னல் கத்தும். ஹார்ட்வேர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். ஸ்ட்ரிங்கைக் காப்பி செய்யும் எஸ்டிஆர்என்காப்பியை எஸ்டிஆர்எஸ்காப்பி ஆக்குவதும் அப்படித்தான். பழையது மீதி பஃபரைப் பூஜ்யத்தால் நிரப்பும், புதியது நிரப்பாது. அந்த ஸ்ட்ரக்சர் அப்படியே யூசர்ஸ்பேஸுக்குக் காப்பி ஆனால் கெர்னல் மெமரி வெளியே கசியும். அங்கே எஸ்டிஆர்எஸ்காப்பி_பேட் போடுங்கள். மாறாக, இஃப் வைத்து நல் இல்லை என்று பார்த்த பிறகே கேஃப்ரீ செய்வதை நீக்கலாம், கேஃப்ரீ நல்லைத் தானே தாங்கும்.

அனுப்புவது

கமிட் மெசேஜில் வரிக்கு 75 எழுத்து. என்ன கோளாறு, எப்படி வெளிப்படும், ஏன் இந்தத் திருத்தம் என்று அதே வரிசையில் எழுதுங்கள். பக் திருத்தத்துக்கு ஃபிக்ஸஸ் வரி கட்டாயம் மாதிரிதான்: பக்கை நுழைத்த கமிட்டின் ஐடியில் முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும். பிளேம் காட்டும் முதல் கமிட்டை அப்படியே போடாதீர்கள். அது வெறும் இன்டென்ட் கமிட்டாக இருக்கலாம், அதற்கும் பின்னால் தோண்டுங்கள். பேட்சுக்குப் பொறுப்பேற்கும் சைன்ட்-ஆஃப்-பை வரியில் உள்ள பெயரும் மெயிலின் ஃப்ரம் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். இனிஷியலை ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் போடுகிற நம் ஊர் வழக்கம் இங்கே செக்பேட்சிடம் மாட்டும்.

யாருக்கு அனுப்புவது என்று கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். கிட் சென்ட்-இமெயில் மட்டுமே பயன்படுத்துங்கள். ஜிமெயில் என்றால் ஆப் பாஸ்வேர்ட் வேண்டும். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, வந்ததை கிட் ஏஎம் மூலம் பொருத்திப் பாருங்கள். போனிலிருந்து பதில் எழுதாதீர்கள். எச்டிஎம்எல் மெயிலைக் கெர்னல் மெயிலிங் லிஸ்ட் சர்வர் தள்ளிவிடும்.

பதில் ஒரு வாரம் ஆகும், இரண்டு மூன்றும் ஆகலாம். புதிய மாற்றங்களை மைய கெர்னலில் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் க்ளீனப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். கமென்ட் வந்தால் அந்தந்த வரிக்குக் கீழேயே பதில் எழுதி, குறைந்தது ஒரு நாள் விட்டு, திருத்திய பேட்சை வி2 என்று அனுப்புங்கள். என்ன மாறியது என்பதை மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுதினால் கமிட்டில் சேராது.

பழைய கெர்னலுக்கும் திருத்தம் போகவேண்டும் என்றால் பழைய கெர்னல்களைப் பராமரிக்கும் ஸ்டேபிள் லிஸ்ட்டுக்கு சிசி வரி சேர்க்கவேண்டும். ஃபிக்ஸஸ் மட்டும் போட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்ற உறுதி இல்லை. ஏதாவது கிளையில் பொருந்தவில்லை என்று தானியங்கி மெயில் வந்தால், அந்தக் கிளைக்குப் போய் உங்கள் கமிட்டை அங்கே எடுத்துவர செர்ரி-பிக் மைனஸ் எக்ஸ் செய்து, கான்ஃப்ளிக்ட்டைத் தீர்த்து, பில்ட் செய்து பார்த்துவிட்டு, சப்ஜெக்டில் கிளை எண்ணோடு அனுப்புங்கள்.