கெளுத்திக் குஞ்சுகள் கடித்துக்கொள்வது நின்ற விதம்

நாட்டுக் கெளுத்திக் குஞ்சுகளில் சில மட்டும் கொழுத்தன. மற்றவை வாலும் துடுப்பும் கடிபட்டு ஓரத்தில் ஒதுங்கின. தண்ணீரைச் சோதித்தால் குறையில்லை. சரி, தீவனம்தான். தவிடும் பிண்ணாக்கும் கெண்டைக்குப் போதலாம். கெளுத்தி புழு பூச்சி தின்னும் மீன், குஞ்சுக்குப் புரதமே 35 முதல் 40 சதவீதம் வேண்டும். மீன்தூளையும் சோயாவையும் கூட்டி, கொஞ்சம் மீன் எண்ணெயும் வைட்டமின் சியும் சேர்த்து, மூழ்கும் குருணையாக்கினேன்.

இரவில் மேயும் மீன் என்பதால் பெரும்பங்கை இருட்டிய பிறகே தட்டில் வைத்து இறக்கினேன். விடிந்து தூக்கினால் தட்டு வழித்துவிட்டதுபோல் இருந்தது! அப்புறம் பெரியவற்றை வலைவிட்டுப் பிரித்ததும் கடி அடங்கியது. வைட்டமின் சி சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் வீணாகும். தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே தயாரியுங்கள்.