இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நபிகள் நாயகம் மறைந்தது 632இல். அவர் வாழ்க்கையை விரிவாகத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் இறந்தது ஏறத்தாழ 767இல். அந்த நூலும் பெரும்பாலும் பின்வந்த இப்னு ஹிஷாம் என்பவர் சுருக்கித் திருத்திய வடிவில்தான் நமக்குக் கிடைக்கிறது. இந்த இடைவெளியை எதைக் கொண்டு கடப்பது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இத்தனை பூசல்.

இதை ‘முஸ்லிம்கள் நம்புகிறார்கள், மேற்கத்தியர் மறுக்கிறார்கள்’ என்று இரண்டே கட்சியாக்கிவிடுகிறார்கள். பின்னாளில் புனையப்பட்ட ஹதீஸ்கள் (நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகள்) ஏராளம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியவர் ஹங்கேரிய அறிஞர் கோல்ட்ஸிஹர். ஆனால் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் திரட்டி 12ஆம் நூற்றாண்டிலேயே முஸ்லிம் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ தனி நூல் செய்துவிட்டார். சந்தேகம் இருபுறமும் இருந்தது. எதை எப்படிச் சலிப்பது என்பதில்தான் வேறுபாடு. மறுபக்கம், ஜெர்மானிய ஆய்வாளரான மோட்ஸ்கி, யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரையும் செய்தியின் வாசகத்தையும் சேர்த்து ஒப்பிட்டு, சில அறிவிப்புகள் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு) முதல் நூற்றாண்டுவரை எட்டுகின்றன என்று காட்டினார். அவர் எந்தக் கட்சி?

1977இல் வரலாற்றாய்வாளர்கள் பட்ரீசியா குரோனும் மைக்கேல் குக்கும் முஸ்லிம் நூல்களை ஒதுக்கிவைத்து, சிரியாக், ஆர்மீனியம், கிரேக்கம் போன்ற வெளிச் சான்றுகளிலிருந்தே இஸ்லாத்தின் தோற்றத்தை எழுதிப் பார்த்தார்கள். துணிச்சலான சோதனை, அதன் முடிவுகளை இன்று அப்படியே ஏற்பவர் அரிது. நபி வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை என்று குரோனே பின்னாளில் எழுதினார். இணையத்தில் மட்டும் 1977 இன்னும் முடியவில்லை! வெளிச் சான்றுகளை எழுதியவர்களில் பலர் அரபுப் படையெடுப்பில் அடிபட்ட தரப்பினர் என்பதும் மறக்கப்படுகிறது. அவர்களுக்கும் ஒரு சார்பு உண்டு.

தொடக்ககால முஸ்லிம் வரலாற்றாசிரியரான தபரீயை, ‘தபரீ சொல்கிறார்’ என்று மேற்கோள் காட்டுவது இன்னொரு தவறு. ஒரே நிகழ்ச்சிக்கு முரண்பட்ட அறிவிப்புகளை அடுத்தடுத்து வைப்பது அவர் வழக்கம். வாசகருக்கு உறுத்துவது எதுவும் அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, தன் சொந்தச் சரக்கல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். எந்த அறிவிப்பு, யார் வழியாக வந்தது என்று குறிப்பிடாத மேற்கோளை நம்பாதீர்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள பழைய குர்ஆன் ஏடுகளின் கார்பன் சோதனை முடிவு 2015இல் வெளியானது: 568க்கும் 645க்கும் இடைப்பட்ட காலம். மரபு வரலாற்றை ஆதரிப்பவர், மறுப்பவர் இருவருமே துள்ளினார்கள். அந்தச் சோதனை அளந்தது எழுதப் பயன்பட்ட தோலின் வயதை. மையின் வயதை அல்ல.

இவ்வளவு வாதத்துக்கு நடுவே ஆவணங்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. எகிப்தில் ஹிஜ்ரி 22இல், அதாவது 643இல், அரபுப் படைக்காகப் பெற்ற 65 ஆடுகளுக்குக் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதிக் கொடுத்த பாப்பிரஸ் ரசீது இன்று வியன்னாவில் இருக்கிறது. யாரையும் மதம் மாற்றவோ மறுக்கவோ எழுதப்பட்டதல்ல அது. புதிதாக வாசிக்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் காட்டுவது இத்தகைய சான்றுகளைத்தான்.