செமஸ்டர் நடுவில் விலகும்போது தேதி பார்க்காமல் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஃபோன் செய்து, “இந்த செமஸ்டர் என்னால முடியலம்மா, எல்லா கோர்ஸையும் விட்டுடறேன்” என்றால், எந்த வீட்டிலும் முதலில் வரும் கேள்வி “ஏன், என்னாச்சு?” என்பதுதான். அதைக் கேட்டு முடித்த கையோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: “இன்னிக்கு செமஸ்டர்ல எத்தனையாவது நாள்?”

பெல் கிராண்ட் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத அரசு உதவித்தொகை), அரசுக் கல்விக்கடன் போன்ற ஃபெடரல் உதவி பெறும் சிட்டிசன், கிரீன் கார்டு மாணவர்களுக்கானது இது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது. அவர்களுக்கு இதில் விசாவே அடங்கியிருப்பதால், ஒரு கோர்ஸைக் குறைத்து முழுநேரப் படிப்புக்குக் கீழே போவதென்றாலும் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியை வாங்க வேண்டும். அட்வைசரைப் பாருங்கள், கடைசித் தேதியைக் குறித்துவையுங்கள் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறோம்.

“ரீஃபண்ட் தேதிதான் போயிடுச்சே, இனி என்னிக்கு விலகினா என்ன?”

வருடாவருடம் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது இந்த நினைப்புதான். கல்லூரி தன் கட்டணத்தைத் திருப்பித் தருவது ஒரு கணக்கு. அரசு தன் உதவித்தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்வது வேறு கணக்கு. இரண்டுக்கும் தேதிகள் வேறு, விதிகள் வேறு. முதல் கணக்கு மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது, செமஸ்டரின் 60 சதவீத நாட்கள் தாண்டும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லா கோர்ஸிலிருந்தும் விலகினால், அதுவரை கடந்த நாட்களின் விகிதத்துக்குத்தான் உதவித்தொகை உங்களுடையது. 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுத்தொகையும் உங்களுடையது. வார இறுதி நாட்களும் கணக்கில் சேரும். தொடர்ந்து ஐந்து நாளுக்குக் குறையாத விடுமுறை சேராது.

ஒரு திங்கட்கிழமை தொடங்கி 16-ஆவது வார வெள்ளியில் முடியும் செமஸ்டரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 110 நாள். நடுவில் வரும் ஒரு வார விடுமுறை, முன்பின் சனி ஞாயிறோடு 9 நாள். அதைக் கழித்தால் 101. மாணவிக்குப் பெல் 3,600 டாலர், கடன் 1,700 டாலர், ஆக 5,300. கல்லூரிக் கட்டணம் 5,000 போக மீதி 300 அவள் கையில்.

30-ஆவது நாளில் விலகுகிறாள். 29.7 சதவீதம்தான் ஆகியிருக்கிறது. உதவியில் அவள் பங்கு 1,574 டாலர். மிச்சத்தில் கல்லூரி திருப்ப வேண்டியது, கட்டணத்தின் 70.3 சதவீதமான 3,515. முதலில் கடன் 1,700-ஐயும், பிறகு பெல்லிலிருந்து 1,815-ஐயும் கல்லூரி அரசுக்கு அனுப்பிவிடும். ஆனால் ரீஃபண்ட் தேதி முடிந்துவிட்டதால் 5,000 டாலர் கட்டணம் அப்படியே நிற்கிறது. போன பணத்துக்கு ஈடாக 3,515 டாலர் பில் மாணவியின் பெயரில் வரும். கட்டாவிட்டால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யவிடாமல் பல கல்லூரிகள் தடுத்துவைக்கும். 1,700 டாலர் கடன் கழிந்தது உண்மைதான். ஆனால் வருடக்கணக்கில் தவணையாகக் கட்டவேண்டிய கடன் போய், உடனே கட்டவேண்டிய பாக்கி வந்திருக்கிறது.

அதே மாணவி 61-ஆவது நாளில் விலகியிருந்தால்? 61-ஐ 101-ஆல் வகுத்தால் 60.4 சதவீதம். திருப்ப எதுவும் இல்லை. 60-ஆவது நாளில் விலகியிருந்தால் 59.4. ஒரே நாள் வித்தியாசத்தில் கல்லூரி 2,030 டாலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

மருத்துவக் காரணமாக விலகினாலும் இந்தக் கணக்கு மாறாது. கல்லூரி கருணை காட்டலாம், அரசின் சூத்திரத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்துக்குப் போய், “இன்று விலகினால் என் பாக்கி எவ்வளவு? 60 சதவீதம் எந்தத் தேதியில் தாண்டுகிறது?” என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். காத்திருப்பதென்று முடிவெடுத்தால் உண்மையாகவே வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். படிவத்தை மட்டும் தள்ளிப்போட்டால், கடைசியாகப் பாடம் சார்ந்து எதையாவது செய்த நாளைக் கல்லூரி விலகிய நாளாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கோர்ஸையாவது தக்கவைத்து முடிக்க முடிந்தால், வழக்கமான முழு செமஸ்டர் கோர்ஸ்களில் இந்தக் கணக்கே எழாது. முடிகிறவர்களுக்கு அதுதான் நல்ல வழி.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது

எல்லாவற்றிலும் ‘எஃப்’ வந்தால், மாணவர் கடைசிவரை படித்துத் தோற்றாரா, நடுவிலேயே நின்றுவிட்டாரா என்று கல்லூரி பார்த்தாக வேண்டும். ஆதாரம் இல்லையென்றால், வருகைப்பதிவு கட்டாயமில்லாத கல்லூரியில் 50 சதவீதத்தில் விலகியதாக வைத்துக் கணக்கிடலாம். தேர்வு எழுதியது, அசைன்மெண்ட் கொடுத்தது ஆதாரம். ஆன்லைன் வகுப்பில் லாகின் செய்தது மட்டும் ஆதாரமாகாது. ‘எஃப்’பும் பில்லும் சேர்ந்தே வரும்.

மீதிப் பணத்தைச் செலவழித்துவிடுவது

விலகும் யோசனை இருந்தால், கட்டணம் போகக் கையில் வந்த உதவிப் பணத்தைத் தொடாதீர்கள்.

வாயால் சொல்லிவிட்டு வருவது

எழுத்தில் கொடுங்கள், தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோர்ஸ்தானே என்று விடுவது

எந்தத் தேதியில் விடுகிறீர்கள் என்பது இதிலும் முக்கியம். கல்லூரி பெல் தொகையை உறுதிசெய்யும் நாளுக்கு முன்னால் எடுத்த 12 கிரெடிட் (கோர்ஸ்களின் பாட அளவு) 9 ஆனால், பெல் 75 சதவீதமாகும். அந்த நாளுக்குப் பிறகு விட்டால் பொதுவாகக் குறையாது. ஆனால் ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத கோர்ஸ் என்றால் எப்போது விட்டாலும் குறைப்பார்கள்.

இளநிலை மாணவர் 6 கிரெடிட்டுக்குக் கீழே போனால் கல்விக்கடனில் தவணை தொடங்குமுன் தரும் ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கும். அது தீருமுன் பாதிநேர மாணவராகவாவது திரும்பிவந்தால் பின்னால் முழு ஆறு மாதமும் மறுபடி கிடைக்கும். தீர்ந்தபின் வந்தால், படிக்கும்வரை தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் அந்தக் கடனுக்கு அவகாசமே இருக்காது.

“‘டபிள்யூ’தானே, ஜி.பி.ஏ. குறையாதே”

விலகிய கோர்ஸுக்கு மதிப்பெண் பட்டியலில் விழும் ‘டபிள்யூ’வால் ஜி.பி.ஏ. குறையாதுதான். ஆனால் உதவி தொடர, எடுத்த கிரெடிட்டில் இத்தனை சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு; பெரும்பாலான கல்லூரிகளில் அது 67. ‘டபிள்யூ’ விழுந்த கோர்ஸ், எடுத்த கிரெடிட்டில் சேரும், முடித்ததில் சேராது. முதல் செமஸ்டரில் 15 முடித்து, இரண்டாவதில் 15-ஐயும் விட்டவர் 50 சதவீதத்தில் நிற்கிறார். அதன்பின் 16 கிரெடிட் தவறாமல் முடித்தால்தான் 67 வரும்.

உதவி நின்றுவிட்டால், மேல்முறையீட்டை அனுமதிக்கும் கல்லூரியில் எழுதிக் கேட்கலாம். நோய், விபத்து, உறவினர் மரணம் போன்ற காரணங்களை ஏற்பார்கள். கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தாக வேண்டும்: என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது. இரண்டாவதை எழுதாமல் முதலாவதை மட்டும் மூன்று பக்கம் எழுதிய கடிதங்கள் தள்ளுபடியாகின்றன.