டேலி ஓடும் கம்ப்யூட்டருக்கு ஒரு குறிப்பு

திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் திறந்திருந்தது, திரையின் மூலையில் அப்டேட் அறிவிப்பு காத்துக் கிடந்தது. "டேலி ஓடிட்டு இருக்குதுங்க மாப்பிள்ளை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

அந்த 'அப்புறம்'தான் ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். சாயங்காலம் கம்பெனி பூட்டும் முன் அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருந்தால் புது விண்டோஸுக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். மாமா பேக்கப் ஹார்டு டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருந்தார். பூட்டுகிற வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். டேலி டேட்டாவைக் காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள்.

'ஆர்டர் காப்பி' என்று தெரியாத மெயிலில் ஃபைல் வந்தால், திறப்பதற்கு முன் ஆர்டர் கொடுக்கும் பையருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு.