பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் ஆயிலும் பேடும்: சென்னையில் எதை வாங்குவது, எப்படி மாற்றுவது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் பழைய வண்டியின் பிரேக் தன் குணத்தைக் காட்டிவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஏறி மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை என்றால், சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூட்டைத் தாங்கவில்லை. பெடல் பஞ்சு மாதிரி ஆகித் தரைவரை போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு நோய். ஆயில் கொதிக்கிற வண்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த பேட் வாங்கிப் போட்டாலும் பயன் இல்லை.

வண்டி ஆறிய நிலையிலேயே பெடல் கல்லாக இருந்தால் பேடைச் சந்தேகிக்காதீர்கள், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரைப் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை பெடலில் வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸோ போய்விட்டது.

பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ், முதல் ஆக்டேவியா ஆர்எஸ், இ36 பிஎம்டபிள்யூ, இறக்குமதியான எம்எக்ஸ்-5 என்று எதுவானாலும், இருபது வயது தாண்டிய வண்டியில் பணம் போக வேண்டிய வரிசை இதுதான்: முதலில் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸும் சீல்களும், அடுத்து ஆயில், கடைசியில் பேட். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் இழுத்துக்கொண்டே ஓடிச் சூடாகும். பத்து வருடம் ஆன ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள்.

பிரேக் ஆயில்

ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் டாட் என்ற தர வகையில் வரும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றுமே எண்ணெய் அல்ல, கிளைகால் ஈதர் வகைத் திரவங்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தால் பிரேக் டப்பாவில் பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிடுகிற விபத்து நடக்கிறது. கொஞ்சம் விழுந்தாலும் போதும், சீல்களின் இபிடிஎம் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். பிறகு பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, சக்கரத்தில் பேடை அழுத்தும் நாலு காலிப்பர் வரை ரப்பர் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோலால் காலிப்பரைக் கழுவுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

கிளைகால் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டப்பா மூடியின் மூச்சுத்துளை வழியாகவும் ஹோஸின் ரப்பர் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகிறது. சென்னைக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. வேகமாக ஓட்டும் வண்டிக்குப் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். பாட்டில் முகப்பில் பெரிதாக அச்சிடுவது என்னவோ முதல் எண்ணைத்தான்.

தெருவில் ஓடி, எப்போதாவது ஏற்காடு ஏறி இறங்கும் வண்டிக்கு நல்ல டாட் 4 போதும். வண்டியின் புத்தகம் இரண்டு வருடம் என்று சொன்னாலும் சென்னையில் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன் வரும் ஜனவரி, பிப்ரவரிதான் சரியான நேரம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெளிவாக இருக்கும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ரேஸ் வகைத் திரவம் வேண்டும். மோட்டூல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கையில் 312 டிகிரி வரை தாங்கும். அதை ஊற்றிவிட்டு இரண்டு வருடம் மறந்துவிடக் கூடாது, டிராக்குக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் காலிப்பரில் இருப்பதையாவது புதிதாக்கிக்கொள்ள வேண்டும்.

டாட் 5 என்பது டாட் 5.1 அல்ல. கடையில் இந்த ஒரு புள்ளியைக் கவனமாகப் பாருங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்காது, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஆகாது. அது ஈரத்தை இழுக்காது என்பதால் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு நல்லது என்பார்கள். உள்ளே வந்த தண்ணீர் கரையாமல் காலிப்பரின் அடியில் போய்த் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும் என்பது அதன் மறுபக்கம். பெடலும் சற்றே பஞ்சாக இருக்கும். ஓட்டுகிற வண்டிக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஜிபி ரோட்டில் வாங்கும்போது சீல் உடையாத பாட்டிலாகவும் தயாரித்த தேதி அண்மையதாகவும் இருக்கட்டும். முழுதாக மாற்ற 1 லிட்டர் தேவை. திறந்து மிச்சமானதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பேட்

ரேஸ் பேடுக்கு ஆசைப்படுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது சூடேறிய பிறகே பிடிக்கும். கிண்டியிலிருந்து அடையாறு வரை சிக்னல் சிக்னலாக நகரும் வண்டியில் அந்தச் சூடு வரவே வராது. விளைவு, காலையில் முதல் பிரேக் வழுக்கும், கீச்சிடும், டிஸ்க் சீக்கிரம் தேயும். தினசரி ஓட்டத்துக்கு ஒரிஜினல் தரப் பேட், மலைக்கும் வேகத்துக்கும் ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் போன்ற இடைப்பட்ட ரகம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

பல பேடுகளின் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில் உராய்வு. ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. முதல் எழுத்து ‘எஃப்’, இரண்டாவது ‘இ’ என்று இருந்தால் சூடாகும்போது பிடி குறையும், மலைக்கு வேண்டாம். ஆனால் பேட் எவ்வளவு நாள் வரும் என்பதையோ, உங்கள் வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பதையோ இந்த எழுத்துகள் சொல்லாது.

முன்னால் சாதாரணப் பேட், பின்னால் அதிகம் கடிக்கும் பேட் என்று ஒருபோதும் போடாதீர்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டி மழையில் பின்சக்கரம் பூட்டிச் சுழன்றுவிடும்.

உங்கள் மாடலுக்குப் பேடே கிடைக்கவில்லை என்றால் பழைய பேடின் இரும்புத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். பேடின் வடிவத்தைக் குறிக்கும் ஐந்து இலக்க டபிள்யூவிஏ எண் இருக்கலாம். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் காலிப்பர் சாதாரணக் குடும்பக் கார்களிலும் வந்ததுதான். அந்த எண்ணை வைத்துத் தேடினால் வேறொரு வண்டியின் பெயரில் அதே பேட் கிடைத்துவிடும். பழைய தகட்டில் புது லைனிங் ஒட்டித் தருகிறோம் என்பதற்கு வேகமான வண்டியில் சம்மதிக்காதீர்கள். சூட்டில் ஒட்டு விட்டால் லைனிங் தனியே கழன்று போகும்.

மாற்றும்போது

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் நடுப்பகுதியிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புது டிஸ்க்தான். பழைய பேட் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். காலிப்பர் நகர உதவும் ஸ்லைடர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியில் இந்தப் பின்தான் முதலில் இறுகும். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் புதிதாகவே இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும் முன், ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து ஒரு குழாயை மாட்டிவிடுங்கள். அழுக்கு ஆயில் மேலே ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகாமல் வெளியே வந்துவிடும். துருப்பிடித்த நிப்பிள் உடையாமல் இருக்க முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்து, ஆறுமுனை சாக்கெட் போட்டுத் திறக்கவும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது பெடலை மிதித்துப் பழைய ஆயிலையும் காற்றையும் நிப்பிள் வழியாக வெளியேற்றும்போது, பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பாழாவது இப்படித்தான்: தினமும் பாதி தூரம் மட்டுமே போய்வந்த சீல், அன்றைக்குத் தரைவரை மிதிக்கும்போது துருவும் கசடும் படிந்த பகுதியில் உரசிக் கிழிகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். டப்பாவில் உள்ள பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்பிய பிறகு தொடங்குங்கள். நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் பொதுவாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பது வரிசை. ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே குழாய்த்தொடரில் இருக்கும் குறுக்கு இணைப்பு உள்ளவற்றுக்குப் புத்தகத்தில் உள்ளபடி. கிளட்சும் அதே டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டால் அதையும் சேர்த்து முடியுங்கள். பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள், பிஸ்டன் பேடைத் தொட அத்தனை மிதி தேவை. பிறகு புது பேட் டிஸ்க்கில் பதிய, அதிகாலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற காலியான இடத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டு முதல் பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் பேட் பொருள் படிந்து, பெடல் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கழற்றி வைக்கும் பலவற்றில் உண்மைக் குறை இந்தப் படிவுதான். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

100 கி.மீ. கழித்து ஒவ்வொரு நிப்பிளையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துக் கசிவு பாருங்கள். பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் கடற்காற்றில் பத்து நாளுக்கு மேல் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.