குளிரில் பைக் ஓட்டக் காலுடை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்தில் பைக் ஓட்டுவதற்குக் காலுடை, அதாவது பேண்ட், வாங்கச் செல்பவர், துணியை இரு விரல்களுக்கிடையே பிடித்து அதன் தடிமனைத்தான் முதலில் பார்க்கிறார். நடப்பவருக்கு அந்தச் சோதனை ஓரளவு பொருந்தும். வண்டி ஓட்டுபவருக்குப் பொருந்தாது. இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் வெப்பத்தைக் காக்கிறது. துணி அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் கூடு மட்டுமே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே மோதும் காற்று, ஃபிளீஸ் போன்ற துளைகள் மிகுந்த துணிக்குள் எளிதாகப் புகுந்து, உள்ளே சூடேறி நின்ற காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது, அந்த வேகத்தில் மூடாத தோல் உணரும் குளிர், காற்று அடங்கிய இடத்தில் மைனஸ் 3 டிகிரியில் உணரும் குளிருக்கு ஏறத்தாழச் சமம். ஆகவே காற்றை மறிக்கும் மெல்லிய மேலுடையும் (வெளியே அணியும் பேண்ட்) அதனடியில் ஒரு தெர்மலும் (உடலை ஒட்டி அணியும் கதகதப்பான உள்ளுடை) சேர்ந்து தரும் கதகதப்பை, தடித்த பேண்ட் ஒன்று தனியாகத் தருவது அரிது.

ஜீன்ஸ் தடிமனாக இருப்பதால் அதுவே போதும் என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அது காற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. பருத்தி என்பதால் மழையையும் பனி ஈரத்தையும் உறிஞ்சி, எளிதில் உலராமல் தொடையோடு ஒட்டிக்கொள்கிறது. அசையாக் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை நினைவில் வைத்தால், நனைந்த பருத்தி ஏன் அத்தனை கொடுமையாகக் குளிர்கிறது என்பது புரியும். உள்ளே பருத்தித் தெர்மல் அணிந்தாலும் இதுவே நேரும், ஏனெனில் வண்டியை நகர்த்தி நிறுத்தும்போது வரும் வியர்வை அதிலேயே தங்கிவிடுகிறது. மெரினோ என்னும் செம்மறியாட்டின் கம்பளியில் நெய்த தெர்மல் ஈரத்தை உள்வாங்கிய பிறகும் கதகதப்பாக இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் செலவு செய்வதற்கு உரிய இடம் இதுவே என்பது என் கருத்து. பாலியெஸ்டர் தெர்மல் விரைவில் உலரும். ஆனால் கீழே விழுந்து சாலையில் தேயும்போது எழும் சூட்டில் அது உருகித் தோலில் ஒட்டக்கூடும். எனவே தேய்வைத் தாங்கும் மேலுடையின்றி அதை அணியக் கூடாது.

அடுக்கடுக்காக அணிய வேண்டும் என்று அறிந்தவர்களும், பழைய அளவிலேயே மேலுடையை வாங்கிவிடுகிறார்கள். இறுகிய உடை உள்ளிருக்கும் காற்றடுக்கை நசுக்கி, இரத்த ஓட்டத்தையும் குறைத்து, முழங்காலை மடக்கவிடாமல் செய்கிறது. பின் பிரேக்கும் கியரும் பெரும்பாலான பைக்குகளில் பாதத்தால் இயங்குபவை என்பதால், விறைத்த கால் வெறும் அசௌகரியத்தோடு நின்றுவிடுவதில்லை.

கடைக் கண்ணாடியின் முன் நின்றபடி அளவு பார்ப்பது இதைவிடப் பரவலான தவறு. வண்டியில் அமர்ந்ததும் பேண்டின் கீழ்விளிம்பு மேலேறி, பூட்ஸுக்கு மேல் ஒரு விரற்கடை தோல் வெளியே தெரியும். இடுப்பின் பின்புறமும் இறங்கும். அந்தச் சிறு இடைவெளி போதும், காற்று உள்ளே புகுந்து முழங்கால்வரை ஏறிவிடும். ஆகவே உள்ளே அணியும் தெர்மலையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு, ஓட்டும் நிலையில் அமர்ந்து பார்ப்பது அவசியம். முழங்கால் காப்புப் பட்டை அப்போதுதான் முட்டியின்மேல் சரியாக நிற்கிறதா என்பதும் தெரியும். மழை பேண்டின் விளிம்பைப் பூட்ஸுக்குள் செருகினால், வழியும் நீர் நேராகப் பாதத்தில் சேரும். மாறாக, விளிம்பைத் தளர்வாக வெளியே விட்டால் அது சங்கிலியிலோ ஃபுட்ரெஸ்டிலோ சிக்கும், சூடான சைலென்சரில் பட்டு உருகவும் செய்யும். எனவே கணுக்காலில் இறுக்கும் பட்டை உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின்சாரத்தால் சூடேறும் காலுடையை வாங்குமுன், அதன் வாட் அளவை வண்டியின் மின்னாக்கியால் தாங்க முடியுமா என்று பார்க்காதவர், பேட்டரி தீர்ந்த வண்டியைத் தள்ள நேரிடும்.

இவையனைத்தையும் சரியாகச் செய்த பின்னும் பாதம் மரத்துப்போனால், உடனே இன்னும் தடித்த பேண்டைத் தேடுகிறோம். உடலின் நடுப்பகுதி குளிரும்போது, உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கை, கால்களுக்குச் செல்லும் இரத்தத்தை உடல் குறைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் குறை பேண்டில் இல்லாமல், காற்று புகும் கழுத்துப் பட்டியிலோ மெல்லிய மேற்சட்டையிலோ இருக்கக்கூடும்.