நாப்கின் வைத்து முன்கூட்டியே ஓடிப் பழகட்டும்: முதல் மாதவிடாய்க்கு முன் வீடுகளில் நடக்கும் தவறுகள்

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஆறாம் வகுப்பு வரை கபடி, கோ-கோ என்று மைதானமே கதியாகக் கிடந்த பெண், எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பையைப் பார்த்துக்கொள்கிறாள். இடையில் வயதுக்கு வந்திருப்பாள். நாப்கின் நழுவிவிடுமோ, சுடிதாரில் கறை தெரியுமோ என்ற பயம்தான் அவளை உட்கார வைக்கிறது. ரத்தம் வருவதற்கு முன்பே தீர்த்துவைக்கக்கூடிய பயம் இது.

ஆனால் பல வீடுகளில் "வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். உடம்பு திடீரென்று மாறுவதில்லை. மார்பு மொட்டு விடத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். பிள்ளை மளமளவென்று உயருவது அதற்குச் சற்று முன்பு. உள்ளாடையில் வெள்ளைப்படுவது தெரிந்தால் பெரும்பாலும் இன்னும் 6 முதல் 12 மாதம்தான். அரிப்போ நாற்றமோ இல்லாத அந்த வெள்ளையை "உடம்புச் சூடு" என்று அதட்டாமல், பேச்சை அன்றைக்கே எடுக்கலாம். எவ்வளவு ரத்தம் போகும் என்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய திகில். ஒரு டம்ளரில் 7 டீஸ்பூன் பீட்ரூட் தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள். ஒரு மாதவிடாயின் எல்லா நாளும் சேர்த்துச் சராசரியாக இவ்வளவுதான், 30 முதல் 40 மில்லி.

அடுத்தது ஒத்திகை. நாப்கின் பாக்கெட்டைக் கையில் கொடுத்து "அதுல போட்டிருக்கு, பாத்துக்கோ" என்றால் போதாது. ஒட்டும் பக்கத்தை உடம்புப் பக்கம் வைத்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, பின்பக்கத் தாளை உரித்து, உள்ளாடையின் நடுத் துணியில் சுருக்கமில்லாமல் அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். இறக்கைகளின் தாளைக் கடைசியாக உரித்து, துணியின் அடிப்பக்கமாக மடித்து ஒட்ட வேண்டும். பிறகு இரண்டு டீஸ்பூன் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, எப்படி உறிஞ்சுகிறது என்று அவளே பார்க்கட்டும். இன்னொன்றை வைத்துக்கொண்டு 20 முறை குதிக்கட்டும், கபடிக்குக் குனிவதுபோலக் குனியட்டும், தெருமுனை வரை ஓடி வரட்டும். கழற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் சுருண்டது, எங்கே விலகியது என்பது தெரிந்துவிடும்.

சுருண்டிருந்தால் முதலில் உள்ளாடையைப் பாருங்கள். வளருகிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்கும் வழக்கம் நமக்கு. பாவாடைக்குச் சரி, இதற்கு ஆகாது. தொளதொளத்த துணியில் நாப்கின் ஆடும். ஆடினால் ஓரத்தில் கசியும், தொடையிலும் உராயும். அளவான பருத்தி உள்ளாடை, அதன்மேல் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் இறுக்கமான கருப்பு ஷார்ட்ஸ், அதற்கு மேல் விளையாட்டு உடை. மைதானத்துக்கு இந்த மூன்றடுக்கு போதும். தொடை உராயும் இடத்தில் பவுடர் கொட்டினால் வியர்வையில் கட்டிபிடித்து இன்னும் அறுக்கும். தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம், நாப்கின் ஒட்டும் துணியில் படாமல்.

காலை ஏழரைக்கு டவுன் பஸ் ஏறி மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும் பிள்ளை, ஒரே நாப்கினோடு பத்து மணி நேரம் இருக்கிறாள். கறை படாவிட்டாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும்; வியர்த்து விளையாடினால் முடித்தவுடன் மாற்ற வேண்டும். பையில் இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, சுற்றிப்போட நாளிதழ்த் தாள், ஒரு ஜிப் கவர் எப்போதும் இருக்கட்டும். முதல் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், மாதவிடாய் தொடங்காத பெண்ணின் பையிலும் இருக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது இன்னொரு தொல்லை. நம் ஊர் வெயிலில் விளையாடிவிட்டுத் தண்ணீரும் குடிக்காவிட்டால் தலைவலி வரும், சிறுநீர்க் கடுப்பும் வரும். எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், எந்த ஆசிரியையிடம் கேட்கலாம் என்பதை முன்பே விசாரித்து வையுங்கள்.

அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் தருகிறார்கள், ஒன்றில் 6 நாப்கின். மாதத்துக்கு 9 வருகிறது. ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து நாள் என்று கணக்குப் போட்டால் 20 வேண்டும். மிச்சப்படுத்துவதாக நினைத்து மாற்றாமலேயே இருந்துவிடுகிறார்கள். குறையும் எண்ணிக்கையைக் கடையில் வாங்குங்கள், அல்லது வீட்டில் இருக்கும் நேரத்துக்குத் துணி வைத்துக்கொள்ளலாம். துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை உறைந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் ஈரம் போகாது, பூஞ்சை பிடிக்கும், அரிப்பு வரும்.

சடங்கு விஷயம். குச்சுக் கட்டி 9, 11, 16 நாள் தனியாக உட்கார வைக்கும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. மஞ்சள் நீராட்டை விருப்பம்போலச் செய்யுங்கள், அத்தையும் மாமனும் சீர் கொண்டுவரட்டும். ஆனால் பள்ளியையும் பயிற்சியையும் நிறுத்துவதில் எந்தப் பயனும் இல்லை. நடப்பதும் மெதுவாக ஓடுவதும் வயிற்று வலியைக் குறைக்கவே செய்யும். உளுந்தங்களி நல்லது. முட்டையை மட்டும் பச்சையாகக் குடிக்க வைக்காமல் வேகவைத்துக் கொடுங்கள். பள்ளியில் வியாழக்கிழமை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டுகிறது என்று வீசிவிடும் பிள்ளைகள் அதிகம். ராகிக் களியும் முருங்கைக்கீரையும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது போகட்டும். கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் நல்லது.

போட்டி வருகிறது, திருவிழா வருகிறது என்று தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சிறு பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு வருடம் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். தினசரிக் காலண்டரில் தேதியைக் குறித்து வைத்தால் போதும். நாப்கின் மணிக்கு ஒன்று என நனைந்துகொண்டே போனாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலியால் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலும் காட்ட வேண்டும். கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனால், சாப்பாடு போதவில்லையா என்று முதலில் பாருங்கள். பயிற்சியாளரிடமும் மருத்துவரிடமும் அதே வாரத்தில் பேசிவிடுங்கள்.